காக்காவின் மூளைக்குத் தப்பான பெயர் வைத்த மேதை: யார் இந்த லுட்விக் எடிங்கர்?

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் காலை 7 மணி. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் டீக்கடையில் நிற்கிறார்கள். பக்கத்துச் சுவரில் ஒரு ஓணான் அசையாமல் வெயில் காய்கிறது. மேலே கேபிள் வயரில் ஒரு காக்கா. யார் கையில் பிஸ்கட் இருக்கிறது, யார் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று கணக்குப் போட்டு, சரியான நேரத்தில் இறங்கி, கொத்திக்கொண்டு போய்விடுகிறது.

ஓணான், காக்கா, மனிதர். ஊர்வன, பறவை, பாலூட்டி. ஒரே சட்டகத்துக்குள் மூன்று விதமான மூளைகள்.

இதில் காக்காவின் மூளை ரொம்ப சாதாரணமானது, வெறும் பழக்கத்தால் ஓடும் இயந்திரம் என்றுதான் 20-ம் நூற்றாண்டு முழுக்க மருத்துவ, விலங்கியல் மாணவர்கள் படித்தார்கள். இன்றைக்கும் ரீல்ஸில் யாராவது, உங்களுக்குள் இருக்கும் லிசார்ட் பிரெயின்தான் கோபப்படுகிறது என்று சொன்னால், அந்தக் கருத்தின் வேர் அதே இடத்துக்குத்தான் போகும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம். ஒரு நரம்பியல் மருத்துவர். பெயர் லுட்விக் எடிங்கர்.

அவர் யார்? என்ன கண்டுபிடித்தார்? எங்கே தவறினார்? அதைத் திருத்த ஏன் இத்தனை வருஷம் ஆனது? பார்க்கலாம்.

துணி ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை

1855 ஏப்ரல் 13 அன்று ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பிறந்தவர் எடிங்கர். யூதக் குடும்பம். அப்பா துணி உற்பத்தித் தொழில் நடத்தியவர். பையன் ஹைடல்பெர்க்கிலும் ஸ்ட்ராஸ்பூர்கிலும் மருத்துவம் படித்தான்.

படிப்பு முடிந்து கீசென் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் தகுதி பெற்றார். பெர்லின், லைப்சிக், பாரிஸ் என்று சுற்றி அனுபவம் சேர்த்தார். ஆனால் அந்தக் காலத்து ஜெர்மனியில், மதம் மாறாத ஒரு யூதர் முழுப் பேராசிரியர் ஆவது என்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

1883-ல் பிராங்க்பர்ட்டில் நரம்பியல் மருத்துவராகப் பிராக்டிஸ் ஆரம்பித்தார். அங்கே அப்போது பல்கலைக்கழகமே கிடையாது. நோயாளிகளைப் பார்த்துச் சம்பாதித்துக்கொண்டே, மிச்ச நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் மூளையைப் பார்த்தார்.

அவருக்கு அமைந்த பெரிய அதிர்ஷ்டம், கார்ல் வைகர்ட் என்ற நோயியல் நிபுணரின் நட்பு. நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்புறைக்குச் சாயம் ஏற்றும் முறையை உருவாக்கியவர் அவர். பிராங்க்பர்ட்டின் சென்கென்பெர்க் நிறுவனத்துக்கு வந்த வைகர்ட், எடிங்கருக்கு வேலை செய்ய இடம் கொடுத்தார். 1886-ல் வங்கிக் குடும்பத்துப் பெண்ணான அன்னா கோல்ட்ஷ்மிட்டைத் திருமணம் செய்துகொண்டார். பெண்கள் உரிமைக்கும் சமூக நலனுக்கும் பிராங்க்பர்ட்டில் உழைத்த முக்கியமான தலைவர் அன்னா. பின்னாளில் கணவரின் ஆய்வுக்கூடம் நின்றதற்கு அவருடைய சொத்தும் ஒரு காரணம்.

உங்கள் கண்ணிலேயே எடிங்கர் இருக்கிறார்

ஒரு சின்னப் பரிசோதனை. இருட்டு அறையில் கண்ணாடி முன் நின்று, லைட்டைப் போடுங்கள். கண்ணின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டம் சட்டென்று சுருங்கும். இதற்கான உத்தரவு நடுமூளையில் உள்ள ஒரு குட்டி நரம்பணுத் தொகுப்பிலிருந்து கிளம்புகிறது. அதன் பெயர் எடிங்கர்–வெஸ்ட்ஃபால் உட்கரு. 1885-ல் மனிதக் கருவின் மூளையில் அதை எடிங்கர் விவரித்தார். இரண்டு வருஷம் கழித்து, வளர்ந்தவர்களின் மூளையில் கார்ல் வெஸ்ட்ஃபால் விவரித்தார். இரண்டு பேர் பெயரும் நிலைத்துவிட்டது. விபத்தில் தலையில் அடிபட்டு வருபவரின் கண்ணில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பாதையைத்தான் சோதிக்கிறார்.

அதே 1885-ல் எடிங்கரின் மூளை அமைப்பு பற்றிய 10 விரிவுரைகள் புத்தகமாக வந்தன. திரும்பத் திரும்ப விரிவாக்கப்பட்டு, ஒரு தலைமுறை மருத்துவர்களுக்கே பாடப் புத்தகம் ஆனது.

மீனிலிருந்து மனிதன் வரை

எடிங்கரின் பெரிய யோசனை இதுதான். மனித மூளை ரொம்பச் சிக்கலானது. அதை நேரடியாகப் புரிந்துகொள்ள முடியாது. அப்போ, எளிமையான மூளைகளில் ஆரம்பிக்கலாம். மீன், தவளை, பல்லி, பறவை, பாலூட்டி என்று வரிசையாகப் பார்த்தால், எது பழசு, எது புதுசாகச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

மூளையை மட்டும் வெட்டிப் பார்த்தால் போதாது, அந்த விலங்கு என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மீனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பொதுமக்களிடமிருந்தே கவனிப்புகளைக் கேட்டுத் திரட்டி, 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கட்டுரையே வெளியிட்டார்.

இந்த வேலைகளுக்காகத்தான் ஒப்பீட்டு நரம்பு உடற்கூறியலின் முன்னோடி என்று அவரை இன்றும் சொல்கிறார்கள். பெரிய பெயர், நியாயமான பெயர். ஆனால் அவர் போட்ட வரிசையில்தான் சிக்கலும் இருந்தது.

முன்மூளை: ஒரு குட்டி விளக்கம்

முன்மூளையின் பெரும்பகுதியை இரண்டாகப் பிரிக்கலாம்.

மேல்பக்கம் இருப்பது பேலியம். லத்தீனில் போர்வை என்று அர்த்தம். மனிதரில் இதன் பெரும்பகுதி, மடிப்பு மடிப்பாகத் தெரியும் பெருமூளைப் புறணி. அதில் நரம்பணுக்கள் பெரும்பாலான இடங்களில் 6 அடுக்குகளாக இருக்கும். திட்டமிடுவது, அடையாளம் காண்பது, மொழி எல்லாவற்றுக்கும் இது முக்கியம்.

அதற்கு அடியில் இருப்பது ஸ்ட்ரையேட்டம். கோடுகள் உள்ளது என்று அர்த்தம். அசைவு, பழக்கம், வெகுமதியைப் பார்த்துக் கற்றுக்கொள்வது போன்ற வேலைகளில் இதற்குப் பங்கு உண்டு. கியர் மாற்றுவதை யோசிக்காமலே செய்கிறீர்கள் அல்லவா, அந்த மாதிரி.

ஊர்வனவற்றில் புறணிக்கு 3 அடுக்குதான். அதோடு, மூளையின் உள்ளறைக்குள் புடைத்துக்கொண்டு ஒரு மேடு இருக்கும். பறவைகளில் அந்த மேடு பிரமாண்டமாக வளர்ந்திருக்கும். பாலூட்டி மாதிரியான 6 அடுக்குப் புறணி அங்கே இல்லை. உருண்டை உருண்டையாகத் திரண்ட நரம்பணுக்கள்தான்.

எடிங்கர் பறவை மூளையை வெட்டிப் பார்த்தபோது கண்ணில் பட்டது இதுதான். அடுக்கு இல்லை. திரண்ட கட்டி. இருக்கும் இடமும், பார்க்கிற தோற்றமும் பாலூட்டியின் ஸ்ட்ரையேட்டம் மாதிரியே இருக்கிறது. ஆகவே பறவையின் முன்மூளையில் பெரும்பகுதி பெருத்துப்போன ஸ்ட்ரையேட்டம் என்ற முடிவுக்கு வந்தார்.

பெயரில் மாட்டிக்கொண்ட மூளை

இங்கேதான் கதை திரும்புகிறது. மூளையைப் பழைய மூளை, புதிய மூளை என்று எடிங்கர் பிரித்தார். பழையது எல்லா முதுகெலும்பிகளுக்கும் பொது, பிறவி உந்துதல்களுக்கானது. புதியது படிப்படியாகச் சேர்ந்து, பாலூட்டிகளில் பெருகி, மனிதரில் உச்சம் தொட்டது. அறிவு அங்கேதான் இருக்கிறது.

அவரும், அவரிடம் பணியாற்றிப் பின் ஆம்ஸ்டர்டாமில் மூளை ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை ஏற்ற ஏரியன்ஸ் கப்பர்ஸ் உள்ளிட்டவர்களும் இந்த எண்ணத்தைப் பெயர்களிலேயே ஏற்றினார்கள். பறவை முன்மூளையின் பகுதிகளுக்கு பேலியோஸ்ட்ரையேட்டம், ஆர்க்கிஸ்ட்ரையேட்டம், நியோஸ்ட்ரையேட்டம், ஹைப்பர்ஸ்ட்ரையேட்டம் என்று பெயர். எல்லாவற்றின் வாலிலும் ஸ்ட்ரையேட்டம். பாலூட்டிக்கு மட்டும் நியோகார்ட்டெக்ஸ், அதாவது புதுப் புறணி.

ஒரு மாணவர் பாடத்தைத் திறந்தவுடனே, பெயரே முடிவைச் சொல்லிவிடும். பறவைக்கு யோசிக்கிற பகுதி கிடையாது. அது செய்வதெல்லாம் உள்ளுணர்வு. பிறகு யார் போய் காக்காவின் புத்தியைப் பரிசோதிப்பார்கள்?

எடிங்கரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் கையில் இருந்த கருவிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய சாயங்கள் மூளையின் வடிவத்தையும் பெரிய நரம்புக் கட்டுகளையும் காட்டின. எந்த அணு எந்த அணுவோடு பேசுகிறது, எந்த ரசாயனத்தில் பேசுகிறது, கருவில் எந்த மரபணு எந்தப் பகுதியை உருவாக்குகிறது என்பதெல்லாம் தெரிய வழியே இல்லை. கையில் இருந்ததை வைத்து அவர் சொன்னது ஓர் ஊகம். அது பெயராக மாறியதும், உண்மை மாதிரி ஆகிவிட்டது.

59 வயதில் கிடைத்த நாற்காலி

1902-ல் சென்கென்பெர்க் நிறுவனத்துக்குள் எடிங்கருக்கென்று தனிப் பிரிவு அமைந்தது. நாளடைவில் அது தனி நரம்பியல் நிறுவனமாக வளர்ந்தது. 1914-ல் பணக்காரக் குடிமக்களின் நன்கொடையில் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகம் உருவானது. யூதர்களுக்கும் பேராசிரியர் பதவியில் இடம் கொடுத்த அந்தப் பல்கலைக்கழகத்தில், ஜெர்மனியின் முதல் நரம்பியல் பேராசிரியர் ஆனார் எடிங்கர். அப்போது வயது 59. அதிலும் ஒரு நிபந்தனை: நிறுவனத்தின் செலவை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டார்.

அந்த நாற்காலியில் நாலு வருஷம்கூட முழுசாக உட்காரவில்லை. 1918 ஜனவரி 26 அன்று, முதல் உலகப் போர் முடியும் முன்பே, 62 வயதில் காலமானார். மூளை பற்றியே வாழ்நாள் முழுக்க யோசித்தவர், தன் மூளையையும் ஆய்வுக்கே விட்டுச் சென்றார். அவர் இடது கைக்காரர். திறமையும் இடது கைப் பழக்கமும் மூளையின் வடிவத்தில் தெரிகிறதா என்ற கேள்வியோடு, அவர் மூளை பற்றிய ஆய்வுக் கட்டுரை 1950-ல் ஒப்பீட்டு நரம்பியல் ஆய்விதழான ஜர்னல் ஆஃப் கம்பேரட்டிவ் நியூராலஜியில் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் குர்ட் கோல்ட்ஸ்டைன், எடிங்கரிடம் உதவியாளராக இருந்தவர். அந்தக் கட்டுரை வந்தபோது அவர் அமெரிக்காவில் இருந்தார். 1933-ல் நாஜிகள் அவரைக் கைது செய்து, நாட்டை விட்டுப் போகும்படி செய்திருந்தார்கள்.

குடும்பத்துக்கு என்ன ஆனது?

எடிங்கருக்கு மூன்று பிள்ளைகள். மகன் ஃபிரிட்ஸ் மனநல மருத்துவர். நாஜிகளின் யூதப் படுகொலையில் உயிரிழந்தார்.

கடைசி மகள் டில்லி எடிங்கர், 1897-ல் பிறந்தவர். காது கேட்பது படிப்படியாகக் குறைந்துகொண்டே போனது. ஆனாலும் அப்பாவின் துறையை யாரும் எதிர்பார்க்காத திசைக்குக் கொண்டுபோனார். மூளை கல்லாகாது, அழுகிவிடும். ஆனால் மண்டையோட்டின் உட்புறத்தில் மூளையின் அச்சு பதிந்திருக்கும். அதை வைத்து அழிந்துபோன விலங்குகளின் மூளையைப் படிக்கலாம் என்று காட்டினார். 1929-ல் வந்த அவருடைய புத்தகம்தான் தொல் நரம்பியல் என்ற துறைக்கு அஸ்திவாரம்.

பிராங்க்பர்ட் அருங்காட்சியகத்தில் அவர் சம்பளம் இல்லாமலே வேலை பார்த்தார். 1938 நவம்பரில் யூதர்கள் மீது நாடு முழுக்க நடந்த தாக்குதலுக்குப் பிறகு அந்த இடமும் போனது. 1939-ல் லண்டனுக்கும், 1940-ல் அமெரிக்காவுக்கும் தப்பினார். ஹார்வர்ட் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து குதிரைகளின் மூளை எப்படி மாறியது என்று ஆராய்ந்து, 1948-ல் வெளியிட்டார்.

அதில் ஒரு முக்கியமான விஷயம் இருந்தது. இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளை வரிசையில் நிறுத்திவிட்டு, இதுதான் பரிணாமத்தின் பாதை என்று சொல்ல முடியாது. புதைபடிவத்தைப் பார்த்தால்தான் உண்மையான வரலாறு தெரியும். அப்பா கட்டிய ஏணியின் கால்களில் ஒன்றை, மகள் கழற்றிவிட்டார் என்றே சொல்லலாம். 1967-ல் சாலை விபத்தில் டில்லி இறந்தார்.

புறா சொன்ன பதில்

1960-களில் அமெரிக்க ஆய்வாளர் ஹார்வி கார்ட்டன் புறாவின் மூளையில் நரம்பு வயரிங்கைத் தேடினார். கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் வரும் செய்தி கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? ஸ்ட்ரையேட்டம் என்று பெயர் வைக்கப்பட்ட பகுதிகளுக்குத்தான். பாலூட்டியில் அதே மாதிரி செய்தி புறணிக்குப் போகும். ஸ்ட்ரையேட்டத்துக்கே உரிய ரசாயன அடையாளங்களைத் தேடினால், பறவையில் அவை அடிப்பக்கத்து ஒரு சின்னப் பகுதியில் மட்டுமே அடங்கிவிட்டன. பிறகு, கருவில் வேலை செய்யும் மரபணுக்களைப் பார்த்தவர்களுக்கும் அதே பதில் கிடைத்தது.

அதாவது, பறவையின் முன்மூளையில் சுமார் 75 சதவீதம் பேலியம். பாலூட்டிக்கு இருப்பது மாதிரியான, தகவலை அலசும் பகுதி. வடிவம் மட்டும்தான் வேறு.

ஆதாரம் வந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகியும் பழைய பெயர்களே பாடத்தில் ஓடின. கடைசியில் 2002-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளர்கள் கூடி, பெயர்களை மாற்றினார்கள். ஹைப்பர்ஸ்ட்ரையேட்டத்தின் மேல்பகுதி ஹைப்பர்பேலியம் ஆனது. நியோஸ்ட்ரையேட்டம் நிடோபேலியம் ஆனது. புதுப் பட்டியல் 2004-ல் வெளியானது. எடிங்கரின் மூளை பற்றிய கட்டுரை வந்த அதே ஆய்விதழில்.

அதற்குப் பிறகு கதவு திறந்துவிட்டது. 2016-ல், 28 பறவை இனங்களின் மூளையில் நரம்பணுக்களை எண்ணினார்கள். கிளி, காக்கை வகைகளில் அணுக்கள் அவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கின்றன. அக்ரூட் அளவு மூளை உள்ள மக்கா கிளிக்கு, எலுமிச்சை அளவு மூளை உள்ள குரங்கைவிட முன்மூளையில் நரம்பணுக்கள் அதிகம். 2020-ல் புறாவிலும் ஆந்தையிலும் இழைகளின் அமைப்பு, பாலூட்டிப் புறணியின் குறுக்கு நெடுக்கு அமைப்பை ஒத்திருப்பது தெரிந்தது.

அப்போ காக்கா மூளையும் நம் மூளையும் ஒன்றா?

இல்லை. இதுதான் இன்றைய சுவாரஸ்யமான சண்டை. ஊர்வன–பறவைகளின் கிளையும் பாலூட்டிகளின் கிளையும் சுமார் 32 கோடி வருஷத்துக்கு முன்பே பிரிந்துவிட்டன. பொது முன்னோரிடமிருந்து வந்த ஒரே சர்க்யூட்டை இரண்டு கிளையும் வைத்திருக்கின்றனவா, அல்லது தனித்தனியாக ஒரே மாதிரியான தீர்வுக்கு வந்தனவா? 2025-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வுகள் கோழி, பல்லி வகை, எலி ஆகியவற்றின் கரு மூளைகளை அணு அணுவாக ஒப்பிட்டன. ஒரே மாதிரித் தெரியும் சில சர்க்யூட்கள் வேறு வேறு இடத்தில், வேறு வேறு நேரத்தில் உருவாகின்றன என்று அவை காட்டின. ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் கோயம்பேடு வந்து சேரலாம் இல்லையா, அந்த மாதிரி.

லிசார்ட் பிரெயின் கதைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பல்லியின் மேல் எலியை ஒட்டி, அதன் மேல் மனிதரை ஒட்டி நம் மூளை உருவாகவில்லை. பல்லிக்கும் பேலியம் உண்டு, நமக்கும் உண்டு. அது அதன் வழியில் மாறியது, இது இதன் வழியில் மாறியது. 1960-களில் பால் மெக்லீன் பிரபலமாக்கிய மூவடுக்கு மூளைக் கருத்து, எடிங்கரின் பழசு–புதுசு பிரிவினையின் தொடர்ச்சிதான். நரம்பியலில் அது இன்று ஏற்கப்படுவதில்லை. மோட்டிவேஷன் வீடியோக்களில் மட்டும் ஜோராக ஓடுகிறது.

சென்னையிலும் ஒரு தொடர்ச்சி

அயனம்பாக்கத்திலிருந்து ஊருக்குக் குறுக்கே போனால் ஐஐடி மெட்ராஸ். அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் மனிதக் கருவின் மூளையை அணு அளவில் காட்டும் முப்பரிமாணப் படத் தொகுப்பை வெளியிட்டது. பெயர் தரணி. 5,132 மூளைச் சீவல்கள் டிஜிட்டலாகப் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. 1885-ல் எடிங்கர் பார்த்ததும் கருவின் மூளைச் சீவல்களைத்தான். அன்று மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒருவர் பார்த்ததை, இன்று உலகில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து சரிபார்க்கலாம்.

பிராங்க்பர்ட்டில் எடிங்கரின் நிறுவனம் அவர் பெயரிலேயே இன்னும் இயங்குகிறது. அவர் தொடங்கிய கேள்வி சரியான கேள்வி: ஒரு மூளையைப் புரிந்துகொள்ள இன்னொரு மூளையோடு ஒப்பிட்டுப் பார். அவர் போட்ட வரிசைதான் தப்பு. கேள்வி நிலைத்தது, வரிசை போய்விட்டது.

அடுத்த முறை டீக்கடையில் காக்கா உங்கள் பிஸ்கட்டைப் பார்த்தால், அது வெறும் உள்ளுணர்வு என்று நினைத்து அசட்டையாக இருந்துவிடாதீர்கள். அது உங்களைப் படித்துக்கொண்டிருக்கிறது.